இரண்டாம் கோணம்

இரவு பத்தரை; அமெரிக்காவில் மத்தியானம்.
கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல் மூன்றாம் மாடி,
பதினாலு கணினி, சளி பிடித்த ஒரு ஏசி.
எனக்கு வருவது துண்டு துண்டாய் வெட்டிய ஆட்டம்.
எது எந்தக் கமராவின் கண் என்று
இலக்கம் போடவேண்டும், அவ்வளவுதான்.
ஆட்டம் விளங்கத் தேவையில்லை என்றார்
மேலாளர் ஜெயசீலன். அவருக்கும் விளங்காது.

ஒன்று, பக்கவாட்டில் நின்று
பந்துக்குப் பின்னாலேயே அலைவது,
மாப்பிள்ளைத் தோழனைப் போல.

மூன்று, நாலு கம்பியில் தொங்கி
பிடரிகளுக்கு மேலே மிதப்பது.
அது வந்தால் என் தோள் தானாய்க் குனியும்.
வண்டு வந்து சுற்றினால்
பிறகு என்ன வரும் என்று
எட்டு வயதில், கிளிநொச்சியில் பழகிய தோள்.

நாலு, எல்லைமூலையின் செம்மஞ்சள் தூணுக்குள்
புல்லோடு புல்லாய்க் கிடப்பது.
ஓணானுக்கு உலகம் இப்படித்தான் தெரியும்.

ஐந்து சனம்.

இரண்டைக் கடைசிக்கு வைத்தேன்.
கோல்கம்பத்துக்குப் பின்னால், நல்ல உயரத்தில்.
இருபத்திரண்டு பேரும் ஒரே சட்டத்துக்குள், எறும்பளவு.
வர்ணனை இல்லை, கூச்சல் இல்லை,
அந்த மஞ்சள் கோடும் இல்லை.
மூன்று மாதமாய் அதைப்
புல்லில் பூசிய சாயம் என்றே நம்பியிருந்தேன்.

அவனைக் கண்டது அங்கேதான்:
எழுபத்தொன்று.
பந்தைத் தொடுவது அவன் வேலையில்லையாம்,
பக்கத்து மேசை றெஜிஸ் சொன்னான்.
எறிகிறவனுக்கு முன்னால் கதவாய் நிற்பதாம்.

ஒரு துண்டில் கதவு விழுந்தது.
ஒன்று, பந்தோடு ஓடிவிட்டது.
ஐந்தில் சனம் துள்ளியது.
இரண்டில் அவன் கிடந்தான்,
பதினொரு செக்கன்.
பிறகு ஒரு கையை ஊன்றி எழும்பி
மெல்ல நடந்து போய்
யாரோ ஒருவனின் முதுகில் தட்டினான்.

இதுக்கு என்ன இலக்கம் என்று கேட்டேன்.
"நிகழ்வு இல்லை எண்டு போடும் பிள்ளை."
போட்டேன்.

ஞாயிறு பின்னேரம் நாவாந்துறையில் அரையிறுதி.
றெஜிஸ் பின்வரிசை.
பாரிசில் இருக்கிறவைக்கு நேரலை வேணுமாம்,
காசும் வந்துவிட்டது.
உழவு இயந்திரப் பெட்டி, அதற்கு மேல் வாங்கு,
அதற்கு மேல் பிறேம்ராஜ், ஒரேயொரு கமரா.
பதினெட்டு வருசம் கலியாணம் மட்டும் எடுத்த கை
பந்து வலப்பக்கம் போனால்
முகம் தேடி இடப்பக்கம் போகும்.

கோல் விழுந்தபோது
கச்சான் உரிக்கும் ஒரு குழந்தையை
அவர் கிட்டக் கிட்டக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.
அருமையான ஷொட். மூக்கு நுனியில் வெயில்.

பாரிசிலிருந்து போன்: "கோல் எங்கையடா?"
ஓப்சைட் என்று அவர்கள் அங்கே,
இல்லவே இல்லை என்று இவர்கள் இங்கே,
கச்சான் கோதைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டு
இருட்டும்வரை சண்டை.

நானும் கோலைக் காணவில்லை.
மற்ற முனையில், பந்து போன பிறகு,
றெஜிஸ் இடுப்பில் கைவைத்து நின்றான்.
சப்பாத்து நாடாவைக் கட்டினான்.
கடல்பக்கம் திரும்பி வாயை அசைத்தான்;
அருகில் ஒருவரும் இல்லை.
ஆரவாரம் கேட்டு, பிந்தி, ஓடத் தொடங்கி,
கட்டிப்பிடித்த குவியல் கலைவதைக் கண்டு
பாதியில் நின்று
திரும்பி நடந்தான்.

அன்றிரவு படிக்கட்டில் பிளேன்ரீயோடு கேட்டேன்:
"ஆரோட கதைச்சுக்கொண்டு நிண்டனி?"
"எப்ப?"
"கோல் விழேக்கை."
"சீட்டுக்காசு எண்ணினனான். ஏழாயிரம் இடிக்குது."
பிறகு, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு,
"நீ ஏன் கோலைப் பாக்கேல்லை?"

மேலே போனேன். புதுத் துண்டுகள் வந்திருந்தன.
கதவு நின்ற இடத்தில் வேறொரு எண், அறுபத்துநாலு.
இரண்டில் நிறுத்தி, பெரிதாக்கித் தேடினேன்.
கோட்டுக்கு வெளியே, வாங்கில்,
தலைக்கவசம் இல்லாத ஒரு முதுகு.
துவாய் போர்த்தியிருந்ததால் எண் தெரியவில்லை.
ஜெயசீலன் பின்னால் வந்து நின்றார்,
"என்ன பிள்ளை, படம் நிண்டுட்டுதோ?"

ஓம் என்றேன்.