அறை வெப்பநிலை

காணொளிப் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்:
தேங்காய் எண்ணெயைக் குப்பியில் ஊற்றி
அறை வெப்பநிலையில் வையுங்கள்,
விடிந்ததும் பாருங்கள்,
வெண்ணெய்போல் உறைந்திருக்கும்.
அவள் முதுகுக்குப் பின்னால் சன்னல்.
சன்னலுக்குப் பின்னால் பனி.

இதை இறக்க
ஊத்தான் மெலிந்தாங் பெட்ரோல் நிலையத்தில்
மூன்றாம் பம்ப் ஓரமாக
முக்கால் மணி நேரம் நின்றேன்.
அங்கேதான் கோபுரம் நேராகத் தெரியும்.
பள்ளி வைஃபை
தலைமையாசிரியர் மேசையைத் தாண்டாது.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒவ்வொன்று கடக்கும்போதும்
வட்டம் சுற்றியது,
அவள் வாய் திறந்தபடி நின்றாள்.

ஐந்தாம் ஆண்டில் ஒன்பது பேர்.
ஒன்பது கயா போத்தல்;
ஒன்று மட்டும் சம்பால் போத்தல்,
எத்தனை கழுவியும் நெத்திலி வாசம் போகவில்லை.
தகரக் கூரையின் கீழ் ஓரிரவு.
காலையில்
ஒன்பதிலும் எண்ணெய்
எண்ணெயாகவே இருந்தது.

லோகாஷினி
உற்றறிதல் கட்டத்தில் 'ஆகவில்லை' என்று எழுதினாள்.
காரணம் கட்டத்தில்,
'யாருடைய அறை?'

சிவப்புப் பேனாவை மூடிவைத்தேன்.
பதினேழு வருடமாக
இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதுகிறேன்,
அதற்கொரு முகவரி உண்டென்று
ஒரு நாளும் நினைத்ததில்லை.

இருந்த ஒரே வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு
ஊரை அளக்கக் கிளம்பினார்கள்.
வகுப்பறை முப்பத்து மூன்று.
கறிபாப் பொரியும் சட்டிக்கு மூன்றடி தள்ளி நாற்பது.
செம்பனை நிழல் முப்பது.
பெர்னாம் ஆற்றுப் படகுத்துறை, மழைக்குப் பிறகு,
இருபத்தேழு.
அதற்குக் கீழே இறங்க மறுத்தது ஊர்.
"ஐஸ்பெட்டியில் வைக்கலாமே" என்றேன்.
"ஐஸ்பெட்டி அறை இல்லை, டீச்சர்"
என்றான் யதுநந்தன்,
என் பாடநூலையே எனக்குத் திருப்பி வாசிப்பவன்போல.

வெள்ளிக்கிழமை
மோட்டார் கடனுக்குத் தவணை கேட்க
லோகாஷினியின் அம்மா பேங்குக்குப் போனார்.
துணிப்பையில் கயா போத்தலும் போயிற்று.
வாசலில் நேப்பாளக் காவலர் தாமாங்
பையைத் திறக்கச் சொன்னார்,
மூடியைத் திருகி முகர்ந்தார்.
பிறகு உடைந்த மலாயில்:
எங்கள் மலையில் மார்கழி வந்தால்
தலைக்கு வைக்கும் எண்ணெயை
முதலில் வெயிலில் வைக்க வேண்டும், தங்கச்சி.
குளிர்காற்று நேராக விழும் நாற்காலியை
அவரே காட்டினாராம்.

அம்மாவுக்குத் தவணை கிடைக்கவில்லை.
திரும்பும் வழியில்,
இரண்டாவது சமிக்ஞை விளக்குக்கு முன்பே,
போத்தலும் பழையபடி தெளிந்துவிட்டது.
திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தது
நோட்டுப் புத்தகம் மட்டும்.

விடைத்தாள் திட்டத்தில்
இருபத்தைந்து பாகை என்று இருக்கிறது.
மதிப்பெண் இன்னும் போடவில்லை.
அவள் எழுதியிருப்பது இதுதான்:

இடம்: பேங்க், ஏர்கோனுக்குக் கீழே. பத்தொன்பது.
நேரம்: அம்மாவின் எண் 1047 வரும்வரை.
உற்றறிதல்: ஓரத்தில் நகமளவு வெள்ளை.
ஊகம்: காணொளி அக்கா
பேங்கில் குடியிருக்கிறார்.