பச்சை வேண்டாம்

வில்லாபுரத்தில் மாடி வீடு.
படுக்கையறைக்கு ஒரே ஜன்னல், மேற்குப் பார்த்தது.
எதிரே, கை நீட்டினால் உப்பு வாங்கிக்கொள்ளும் தூரத்தில்
சிகாமணி அண்ணன் வீட்டு ஜன்னல்.
காலை ஆறு மணிக்குப் பனியனோடு வந்து நின்று
அவர் பல் விளக்குவது
எங்கள் தலையணைக்கு நேரே.
நுரை வாயோடு ஒரு நாள் தலையசைத்தார்.
போர்வைக்குள்ளிருந்து நானும் அசைத்தேன்.
வேறென்ன செய்ய.

முதல் வாரம் செய்தித்தாள் ஒட்டினோம்.
மதியம் வெயில் பட்டால்
தாளின் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும்:
கண்ணீர் அஞ்சலிப் படத்து மீசையின் மேல்
ஆடித் தள்ளுபடி ஐம்பது சதவீதம்.
நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள் நான்.
செத்தவர்களோடு விழித்திருப்பது அங்கேயே போதும்,
வீட்டில் எதற்கு.

துளசிராமுக்கு வெளிச்சம் வேண்டும்.
"நாளெல்லாம் அண்டர்கிரவுண்டு ஜெராக்ஸ் கடையில
டியூப் லைட்டோட கிடக்கிறேன்,
முழிச்சதும் கொஞ்சம் வானம் பாக்க வேணாமா" என்பான்.
எனக்கு இருட்டு வேண்டும்.
மதுரை வெயில் யாரையும் கேட்பதில்லை.
மூன்று மணிக்கு உள்ளே வந்து
செருப்போடு கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

அளவெடுக்க டேப் இல்லை.
பையில் கிடந்த காஸ் துணிச் சுருளைக்
கம்பிக்குக் கம்பி பிடித்துப் பேனாவால் கோடு போட்டேன்.
விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் அதை விரித்ததும்
பையன் கேட்டான்:
"அடி எங்கக்கா பட்டுச்சு, ஜன்னலுக்கா?"

நெட் துணி பகலில் மானம் காக்கும்,
ராத்திரி விளக்குப் போட்டதும் காட்டிக்கொடுத்துவிடும்.
வெளிச்சமே புகாத துணி எருமைத்தோல் கனம்,
மீட்டர் நானூற்றைம்பது.
மூங்கில் தட்டி அழகுதான்;
ஆனால் அண்ணனின் பனியன்
கோடு கோடாக வந்துகொண்டே இருக்கும்.

துளசிராம் உருவி எடுத்தது பச்சை.
"வேப்பங்கொழுந்து மாதிரி, பாரேன். கண்ணுக்குக் குளிர்ச்சி."
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றான்.
எங்கள் வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றித்
திடீரென்று இழுத்து மூடுவோமே,
அந்தத் திரையின் நிறம் என்று நான் சொல்லவில்லை.
சோபாவுக்குப் பொருந்தாது என்றேன்.
எங்களிடம் சோபா கிடையாது.
ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான்.
பிறகு மஞ்சளை எடுத்தான், மங்கின மஞ்சள்,
கிழங்கு உரசின கல்லின் நிறம்.

ஸ்பிரிங் கம்பியில் பாதி ஜன்னலுக்குத் துணி.
கீழ்ப்பாதி எங்களுக்கு, மேல்பாதி அவன் கேட்ட வானத்துக்கு.
என் பகல் தூக்கத்துக்கு மட்டும்
ஆணியில் மாட்டி எடுக்கிற கறுப்புத் துணி ஒன்று.
படுத்தபடி பார்த்தால்
தண்ணீர் டேங்க், கேபிள் வயர்,
வயரில் சிக்கிய போன வருசத்துப் பட்டம்.
எழுந்து உட்கார்ந்தால்தான் அண்ணனின் நெற்றி.

ஐந்தாம் நாள் டூட்டி முடிந்து வந்தேன்.
ஆறேகால்.
எதிர் ஜன்னலில் திரை.
புதுசு. மேலிருந்து கீழ்வரை இழுத்து மூடி.
பச்சை.

தோளில் பை. இறக்கவில்லை.
கட்டிலில் முட்டி போட்டு
எங்கள் மஞ்சளை ஒரு விரல் விலக்கி
எண்ண ஆரம்பித்தேன். பழக்கம்.
துணி அசைகிறதா.
பத்து. பதினொன்று.
கீழே பால்காரர் வண்டிக்கு ஸ்டாண்டு போடுகிறார்.
இருபத்தி நாலு.

உள்ளே யாரோ காறினார்கள்.
ஈரக் கை ஒன்று பச்சையைப் பற்றி இழுத்தது,
வளையங்கள் சரசரவென்று ஒதுங்கின.
பனியன். வாய் நிறைய நுரை.
என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.
இந்த முறை எட்டிப் பார்த்தது நான்.

துப்பிவிட்டு வந்து கேட்டார்,
"மருமக வாங்கியாந்துச்சு. எப்படி இருக்குமா?"

நல்லா இருக்குண்ணே, என்றேன்.
கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு.