கூஃபா, பதிவேட்டு அறை

படிப்பணம் கொடுக்கும் நாள்.
வரிசை வாசலைத் தாண்டி ஒட்டகக் கொட்டில்வரை.
அரபுப் பெயர்களைப் பாரசீக எழுத்தில் எழுதுவது என் வேலை.
தோற்றவன் கையில் ஜெயித்தவன் கணக்கு;
இருபது வருஷமாய் இதற்கு ஒருவரும் சிரித்ததில்லை.

கப்ஷா வந்தாள்.
"என் புருஷன் பெயரை அடித்துவிடு."
எங்கே விழுந்தார்?
"ஃபுராத் கரையில்."
எதிரி?
"என் அண்ணன். அவனும் எழவில்லை.
ஷாமுக்குப் போகுமுன் அவன் பெயரும்
உன் ஏட்டில்தான் இருந்தது."

இருந்தது.
மதாயின் விழுந்த வருஷம், ஒரே கூடாரம்,
அடுத்தடுத்த வரி.

ரோமன் கொன்றானா, பாரசீகன் கொன்றானா
என்று குறிக்க இடம் உண்டு.
இதற்கு இல்லை.
மேலதிகாரியிடம் கேட்டேன்.
அவர் மையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

முக்காட்டுக்குள்ளிருந்து எடுத்து வைத்தாள்:
வெள்ளித் தட்டின் இரண்டு துண்டுகள்.
கொள்ளைப் பங்குக்காக அன்று
அண்ணனும் மச்சானும் வாளால் பிளந்தது.
எங்கள் ஊர்த் தட்டு. நான் சொல்லவில்லை.
ஒன்றில் குதிரைமேல் ராஜா, நாணை இழுத்தபடி.
மற்றதில் மான்,
அம்பு இன்னும் வந்து சேராமல்.

சேர்த்துப் பார்த்தேன்.
இரண்டு ஊரில், இரண்டு பையில்
உரசித் தேய்ந்த விளிம்புகள்;
நடுவில் ஒரு விரல் நுழைந்தது.

"எடை போடு" என்றாள். போட்டேன்.
மான் பக்கம் கொஞ்சம் கனம்.
அதை எடுத்துக்கொண்டாள்.
"ராஜா உங்க ஆள்தானே மாஹ்பூத்,
நீயே வைத்துக்கொள்."

மை காய்வதற்குள்
இன்னும் மூன்று பேர்.
அதே கரை.