பொன்னாடையின் விலை

செவ்வாய்க்கிழமை வந்தது கடிதம்.
வாகனத் தண்டமாக்கும் என்றுதான் உடைத்தேன்.

"மதிப்புக்குரிய பொருளாளர் அவர்களுக்கு,
உங்கள் சங்க விழாவில் என் தோளில் போர்த்திய
துணியின் விலை என்ன?
ஐம்பது பிராங்குக்கு மேலென்றால்
பதிவேட்டில் எழுதவேண்டும் நான்.
ரோஸ்விதா ஷ்டூடர், மாநில அவை உறுப்பினர்."

துணியாம்.
துணியில்லை அம்மா, பொன்னாடை என்று
சமையலறையில் நின்று ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்.
அந்த மொழியில் அது துணியாகத்தான் இருந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று
தொலைபேசியில் கொதித்தார் செயலாளர் குணநாயகம்.
"முப்பது எண்டு எழுதிவிடும்.
அவவுக்கும் கரைச்சலில்லை, எங்களுக்கும்."

முப்பது என்று எழுதினேன்.
பேனையை மூடாமல் இருந்தேன் கனநேரம்.

பகலில் நான் கிரென்ஷனில்
கடிகாரத் திருகாணிகளை அளக்கிறவன்.
ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாய்ப் பிரித்து
அதில் நாலு பங்கு பிசகினாலும் குப்பையில் போடுவேன்.
யாரும் வந்து பார்ப்பதில்லை.

சனிக்கிழமை சங்க அலுமாரியைத் திறந்தேன்.
பூச்சியுருண்டை மணத்தோடு மூன்று பொன்னாடைகள்.
ஷ்டூடருக்குப் போர்த்திய சிவப்பு
முந்தின வருடம் நாடகக்காரர் ஒருவர்
மேடையிலேயே மறந்துவிட்டுப் போனது.
அதற்கு முந்தின வருடம் வேறொரு தோள்.

கணக்குக் கொப்பியில் வருடா வருடம் ஒரே வரி:
பொன்னாடை நாலு, இருநூற்று எண்பது பிராங்க்.
ஆறு வருடம்.
இருபத்துநாலு பொன்னாடை.
அலுமாரியில் மூன்று, அவரிடம் ஒன்று.
கடைசி இரண்டு வருடத்துக்குக் கீழே
என் கையொப்பம்,
வால் நீட்டி, அழகாக.

புதன்கிழமை லீவு போட்டு சொலோதூர்ன் போனேன்.
பதினொரு தேவாலயம், பதினொரு நீரூற்று என்று
பதினொன்றில் ஆசை வைத்த ஊர்.
நகரமண்டப மாடத்தில்
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பின்னால் இடம் கிடைத்தது.

பரிசும் பக்கச் சம்பளமும் பகிரங்கமாகவேண்டும்
என்பது அவர் பிரேரணை.
எழுந்தார். இருமினார். கண்ணாடியைத் தேடினார்,
அது தலையில் இருந்தது.

"மின்சார நிறுவனம் ஒன்றின் செலவில்
மலைவிடுதியில் இரண்டு இரவு தங்கினேன்.
எட்டு மாதமாகப் பதியவில்லை.
மறந்துபோனேன் என்று சொல்லலாம்.
மறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.
நேற்றுப் பதிந்தேன், பணத்தையும் திருப்பிக் கட்டினேன்.
இந்த விதியை நான் கேட்பது
கெட்டவர்களைப் பிடிக்க அல்ல.
என்னைப்போல்,
யாரும் கேட்காதவரை பேசாமலிருப்பவர்களுக்கு."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு.
நாங்கள் என்ன திருடர்களா என்று ஒருவர் எழும்ப
மேசைகளில் தட்டினார்கள்.
நாற்பத்துநாலுக்கு நாற்பத்தொன்பது.
தோற்றது.
ஏழு கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன.

படியில் வைத்து உறையை நீட்டினேன்.
அங்கேயே பிரித்தார்.
"எழுபது பிராங்க். பாவித்தது."
பாவித்ததா என்றார்.
உங்களுக்கு முன் இரண்டு பேர் போர்த்தினார்கள் என்றேன்.
"அப்போ விலை குறையுமா?"
எங்கள் வழக்கத்தில் அது கூடும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
குறையும் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்,
அந்த உறையின் முதுகிலேயே.
பிறகு பஸ்ஸுக்கு ஓடினார்.

வருகிற ஞாயிறு பொதுக்கூட்டம்.
குணநாயகம் ஐந்து தரம் அழைத்துவிட்டார்,
நான் எடுக்கவில்லை.
கணக்கறிக்கை மூன்றாவது நிகழ்ச்சி.
வழக்கத்தில் அந்த நேரம்தான்
வடையும் தேத்தண்ணியும் வரும்,
கோப்பைச் சத்தத்தில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது.

இந்த முறை தேத்தண்ணியைப்
பிந்திக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.