பாரி–4

மலாயில் திருக்கை மீன் என்று பொருள்.
என் வாயில் அது வேறு பாரி,
கேட்குமுன் கொடுத்தவன்.
திரெங்கானுவுக்குக் கிழக்கே, கரை தெரியாத தொலைவில்
அவனைத்தான் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாலை மூன்றுக்குக் கோடுகள் வந்தன.
முப்பத்தோராவது மாடி. குளிர்சாதனம் ஓய்ந்த நேரம்.
கண்ணாடிக்கு வெளியே, ஜாலான் அம்பாங்கில்
ஒரே ஒரு லாரி
யாருமில்லாத சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு நின்றது.
ஆறு மணிக்குள் சொல்லியாக வேண்டும்:
மாதிரி எடுப்பதா, சிமெண்ட் ஊற்றி மூடுவதா.
துளைமேடையின் ஒரு நாள் வாடகையில்
என் வீட்டுக்கடன் அடைந்து, சில்லறையும் மிஞ்சும்.

முதல் கோடு காமா.
சேறென்றால் வலப்பக்கம் சாயும், மணலென்றால் இடப்பக்கம்.
மணல் கீழே அகன்று மேலே ஒடுங்கினால்
ஆறு வளைந்து, தளர்ந்து, தன் பாதையைக் கைவிட்ட இடம்.
மேலே போகப்போக விரிந்தால்
கழிமுகம் கடலுக்குள் நடந்து வந்த காலம்.
நடுவே ஒரு முழம் நிலக்கரி:
ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு முந்திய சதுப்புக் காடு
நின்ற இடத்திலேயே படுத்துவிட்டது.

2114 மீட்டர்.
அடர்த்தியும் நியூட்ரானும் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கிட்டன.
'வாயு!!!' என்று மேடையிலிருந்து ஹஃபிஸ்.
வீட்டுப் படுக்கையிலிருந்தே சிவப்பு பூசச் சொன்னார் லிம் கெங் வா.

நான் துளையின் விட்டம் அளந்த கோட்டைப் பார்த்தேன்.
அங்கே சுவர் உடைந்து குகையாகியிருந்தது.
பாறையைத் தொட வேண்டிய கருவி
சேற்றுக் குழம்பைத் தொட்டுவிட்டு
லேசு, ரொம்ப லேசு என்றிருக்கிறது.
பாவம், தொட்டதைத்தான் சொன்னது.
மின்தடைக் கோடும் அங்கே தலை தூக்கவில்லை.

அறுபது மீட்டர் மேலே
யாரும் நிறுத்திப் பார்க்காத ஒரு பகுதி.
மின்தடை குறைவு, உப்புத் தண்ணீர்தான் என்று
புரட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
காமா மட்டும் சீப்புப் பல்லாய் நடுங்கியது.
ஓதம் ஏறி, ஓதம் இறங்கி, நாளுக்கு இருமுறை:
விரலகல மணல், நகத்தளவு சேறு,
மறுபடி விரலகல மணல்.
கடல் விரலகலத்தில் எழுதுகிறது.
கருவி முழ அகலத்தில் வாசிக்கிறது.
சேறு மின்சாரத்தை வழியவிட்டுக்கொண்டே இருந்தால்
பக்கத்து மணல் எதை வைத்திருக்கிறதென்று
எப்படித் தெரியும்?

"2054-இல் ஒரு மாதிரி," என்றேன்.
"அங்கேயா?"
மூன்று பேர், அதில் ஒருவர் கொட்டாவியோடு.

குழாய் உறிஞ்சத் தொடங்கியது.
நாற்பது நிமிடம், துளைசேற்றின் வடிநீர் மட்டும்.
மேசை டிராயரில் கிடந்த
நமுத்துப்போன பிஸ்கட்டை முழுக்கத் தின்று தீர்த்தேன்.
அப்புறம் ஹஃபிஸ் கூப்பிட்டான்.
"நிறம் மாறுது, புனிதா. எண்ணெய்."
இந்த முறை குரலில் ஆச்சரியக்குறி இல்லை.

ஒன்பதரைக் கூட்டத்தில் கணக்குப் போட்டார்கள்.
இருக்கிறது. மெலிசு. கட்டாது.
லிம் என் பக்கம் திரும்பி, "நல்ல வேலை" என்றார்,
அதே மூச்சில், "சிமெண்ட்."
அறிக்கையில் இரண்டு மீட்டருக்குப் பச்சை பூசினேன்,
கோடு பிசகாமல்.

ரயில் மாற மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கினேன்.
கிள்ளானும் கோம்பாக்கும் சேருமிடம்.
ஊரின் பெயரே சேற்றுக் கழிமுகம்தான்,
நினைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.
நேற்று மழைக்கு ஏறி இறங்கிய ஆறு
கரைப் படிகளில் விட்டுப்போயிருந்தது
நகத்தளவு, இன்னும் ஈரமாய்.
மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒருவர்
தண்ணீர்க் குழாயை நீட்டிப் பிடித்து
மேல்படியிலிருந்து
அதைக் கழுவிக்கொண்டிருந்தார்.