நாயிஃப் சாலைத் தங்கத்தட்டு

எண்பத்தொன்று, ஆகஸ்ட்.
யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டு
நாற்பது கதவுப் பிடிகளுக்குப் பொன் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
அக்குளில் ஓர் இசைத்தட்டோடு வந்தார் விசுவம்.
"வெள்ளிக்கிழமை மேடையில குடுக்கணும். தங்கமா வேணும்."
"முழுத் தங்கமா?"
"பார்த்தா தங்கம்."
அதுதானே என் தொழில்.

அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு
வரலாறும் அவரே சொன்னார்.
அமெரிக்காவில் ஆரம்பத்தில்
கம்பெனிகள் தங்கள் ஆளுக்குத் தாங்களே
செய்து மாட்டிவிட்டார்களாம்.
ஊர் சிரிக்கவும் ஒரு சங்கம் வந்ததாம்.
கணக்கர் ரசீதுக் கட்டைப் பிரித்து எண்ணி,
இத்தனை போனால்தான் தங்கம் என்று
கோடு கிழித்தாராம்.
லண்டன் பிந்தித்தான் விழித்ததாம்.
சின்ன நாடென்றால் கோடும் கீழே இறங்குமாம்.

"இங்கே கோடு எங்கே, சார்?"
"இங்கே நான்தான் கோடு."

ஐம்பதாயிரம் என்று பலகையில் பொறிக்கச் சொல்லியிருந்தார்,
அரபி எண்ணில்.
அரபியில் சைபர் வெறும் புள்ளி.
சட்டம் அடித்த பட்டான்
கடைசிப் புள்ளிக்கு வலப்பக்கம் ஓர் ஆணி இறக்கினான்.
ஐந்து லட்சம்.
பிடுங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

என்னிடமும் அந்தப் பாட்டு இருந்தது.
சப்கா பஸ் நிலையத்தில் மூன்று திர்ஹம்,
அட்டையில் பாடகியின் முகம் பச்சையாக இருக்கும்.
துணிக்கடைக்குப் பின்னால் தாத் முகம்மது
ஒரு தாய் நாடாவிலிருந்து
மணிக்குப் பன்னிரண்டு குட்டிகள் இறக்குவான்.
அந்தப் பன்னிரண்டு எந்த ரசீதிலும் இல்லை.

பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது.
முதலில் வெள்ளி தூவ வேண்டும்,
மேலே செம்பு, அதற்கும் மேலேதான் தங்கம்.
வெள்ளி தூவுமுன்
ரேடியோ ரிப்பேர் கடையில் ஒருமுறை ஓடவிட்டேன்.
ஒட்டியிருந்த காகிதத்தில் அவள் பாட்டின் பெயர்.
ஊசி வைத்ததும் ஓர் ஆணின் இருமல்.
முப்பது நாளில் அரபி, நான்காம் பாடம்.
கம்? எத்தனை?
கம் ஹாதா? இது என்ன விலை?
திரும்பச் சொல்லுங்கள், கம்?
விற்காமல் திரும்பி வந்த சரக்கு.
கடைக்காரன் சிரித்தான். நானும்.
பிறகு தொட்டியில் இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை
பத்துத் திர்ஹம் டிக்கெட்டில் பின்வரிசையில் நின்றேன்.
கூட்டம் அவளோடு சேர்ந்து பாடியது,
ஒரு சொல் பிசகாமல்,
தாத் முகம்மது நாடாவில்
சரணம் அறுந்த இடத்தில் எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள்.
அவள் மட்டும் தொடர்ந்தாள்.
சட்டத்தைக் கையில் வாங்கியதும்
கண்ணருகே கொண்டுபோய்ச் சாய்த்தாள்.
ஒரே பாட்டுக்கு ஏழு பட்டைகள்.
எண்ணினாளா, தெரியவில்லை.
கண்ணாடிக்கு மேலே கட்டைவிரலை
மெல்ல நகர்த்தினாள்.
பிறகு உயர்த்திப் பிடித்தாள்.
பார்த்தால் தங்கம்.

கடற்காற்றுக்கு என் பூச்சு ஐந்து வருஷம் தாங்கும்.
அப்புறம் ஓரத்தில் செம்பு தெரியும்,
பிறகு வெள்ளி, பிறகு கறுப்பு.
அந்தக் கறுப்புக்குள் இருமிவிட்டு ஒருவன்
கேட்டுக்கொண்டே இருப்பான், கம்?

நாற்பது திர்ஹம்.
விசுவம் மஸ்கட்டுக்குப் போய்விட்டார்.
ரசீது என்னிடம் இருக்கிறது.