ஏர் எடுப்பது

கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு.
வாசல் ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில்.
சாமான்களை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்ப
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன்.
ங்ஙொ...ய்ய் என்றது குவாலிஸ்.
நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
அவருக்கும் பிடிபடவில்லை, என்ன சுருதியென்று.

இரண்டாயிரத்து மூன்று மாடல்.
நாலு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர்.
திருச்சி ஏர்போர்ட்டுக்குத் தூக்கத்திலேயே போகும்.

“பம்பு போச்சுண்ணே” என்றார்
கழனிவாசல் மெக்கானிக், பானெட்டைத் திறக்காமலே.
மதுரையிலிருந்து பம்பு வந்தது, ஏழாயிரத்து இருநூறு.
மாட்டினோம்.
அதே சத்தம்,
இப்போது இன்னும் துல்லியமாக.

டப்பா மூடியைத் திருகினேன்.
சிவப்பாய் இருக்க வேண்டிய எண்ணெய்
ரோஸ்மில்க்காய் நுரைத்துக் கிடந்தது.
காற்றைக் குடிக்கிறது. எங்கிருந்து?
ராத்திரி வண்டிக்கடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன்.
காலையில் ஒரு சொட்டு இல்லை.
முதல் பக்கத்து மந்திரி கறைபடாமல் சிரித்தார்.

ஒழுகுகிற ஓட்டை தரையில் எழுதிக் காட்டிவிடும்.
உறிஞ்சுகிற ஓட்டை
என்ஜின் ஓடும்போது மட்டும்தான் ஓட்டை.
அணைத்துவிட்டால்
யோக்கியமான ரப்பர்.

ஓடவிட்டு, இணைப்பு இணைப்பாகக் கிரீஸை அப்பினேன்.
டப்பாவிலிருந்து பம்புக்கு இறங்கும் ஹோஸ்,
அதன் கழுத்தில் ஒரு கிளாம்ப்,
அங்கே விரல் வைத்ததும்
சத்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு தணிந்தது.
இருபது கோடை பார்த்த ஹோஸ்,
காய்ந்த வாழைமட்டை மாதிரி விறைத்திருந்தது.
புதுசு நூற்று எழுபது. கிளாம்ப் பதினெட்டு.
ஏழாயிரத்து இருநூறை நான் நினைக்கவில்லை என்று
சொன்னால் பொய்.

உள்ளே போன காற்று
தானாக வெளியே வராது.
முன்சக்கரம் இரண்டும் தரையில் படாமல் தூக்கி,
என்ஜினை அணைத்து,
ஒருத்தர் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்ற,
ஒருத்தர் டப்பாவையே பார்த்துக்கொண்டு
எண்ணெய் இறங்க இறங்க ஊற்ற வேண்டும்.
இரண்டு பேர் வேண்டும்.

ஆவணியின் கடைசி முகூர்த்தம்.
ஊரில் கை சும்மா இருந்த ஒரே ஆள் இன்னாசி.
ஆறு வருஷம் என் கூட்டாளி.
மூன்று மாதமாய்ப் பேச்சில்லை,
டீசல் கணக்கில் நாலாயிரத்து இருநூறு.

கூப்பிட்டேன். “உம்” என்றான்.
எக்ஸெல்லை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வந்து
சீட்டில் உட்கார்ந்தான்.
முதல் வேலையாக
அதை இரண்டு பல் பின்னுக்குத் தள்ளினான்.

“இடது.”
சுற்றினான்.
“வலது.”
சுற்றினான்.
“முட்டுற இடத்துல புடிச்சுக்கிட்டு நிக்காத.”
“தெரியும்.”

குமிழி ஒவ்வொன்றாக வந்தது,
பெரிசு, பிறகு கடுகு,
பிறகு என் கண்தான் உண்டாக்குகிறதோ என்பது போல.
“பதினாலு” என்றேன்.
“பதிமூணு” என்றான் உள்ளேயிருந்து.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.
இன்னொரு சுற்று சுற்றினான்,
யார் கணக்குக்கு என்று சொல்லாமல்.

இருபதுக்குப் பிறகு எண்ணெய் இறங்கவில்லை.
சாவியைத் திருப்பினான்.
இடக்கோடி, வலக்கோடி.
என்ஜின் சத்தம் மட்டும்.
அப்புறம், எங்கோ செக்காலைப் பக்கம்
பஸ் ஒன்று ஹாரன் அடிப்பது கேட்டது.
இத்தனை நாள்
அது எனக்குக் கேட்டிருக்கவில்லை.

“ரெண்டு நாள் ஓடட்டும்,
கிளாம்ப்பை இன்னொரு தடவை இறுக்கு.”
டீ வேண்டாம் என்றான்.
எக்ஸெல் இரண்டாவது உதையில் கிளம்பியது.

விடியற்காலை மூன்றரைக்குத் திருச்சி சவாரி.
வண்டியை உள்ளே விட ஏறி உட்கார்ந்தேன்.
கிளட்ச் முழுக்க எட்டவில்லை.
சீட்டின் நுனிக்கு நகர்ந்து
கட்டைவிரலால் மிதித்து
ஓட்டிப் போய் நிறுத்தினேன்.